வாட்ச் காட்டும் கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா?

பழவந்தாங்கல் வசந்தி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பழவந்தாங்கலில் ரயிலேறி இறங்கினால் அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நாற்காலிதான். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) 6.1 என்று வந்தது. "சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறீர்கள். மாத்திரை வேண்டாம். ஆறு கிலோ குறையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

போனில் ஒரு கலோரி ஆப் போட்டேன். உட்கார்ந்த வேலை, வாரத்துக்குக் கால் கிலோ குறைந்தால் போதும் என்று சொன்னதும் ஒரு நாளைக்கு 1,300 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. கையில் தம்பி வாங்கித் தந்த ஃபிட்னஸ் வாட்ச். இரண்டும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிற வரை தொல்லை இல்லை. இப்போது ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் 'வாட்சை இணைக்கவா?' என்று கேட்கிறது.

ஆபீஸில் கேட்டால் இரண்டு கட்சி. "இணைக்காவிட்டால் நடந்த நடையெல்லாம் வீண், பட்டினி கிடந்து மயக்கம்தான் வரும்" என்கிறார் ஒருவர். "இணைத்தால் நடந்ததற்குக் கூலி மாதிரி கூடுதல் கலோரி கொடுக்கும், அதைத் தின்றே எடை ஏறும்" என்கிறார் இன்னொருவர்.

போன செவ்வாய்க்கிழமைக் கணக்கைக் கொடுக்கிறேன். காலையில் காலனிப் பூங்காவில் 45 நிமிட நடை; அதற்கு மட்டும் வாட்ச் காட்டியது 260 கலோரி. இரவு படுக்கும்போது 9,400 அடி, நாள் முழுவதும் செலவு 2,100 கலோரி. சாப்பாடு: காலை மூன்று இட்லி, சாம்பார், மதியம் ஒன்றரை கப் சாதம், கூட்டு, ரசம், மோர், இரவு இரண்டு தோசை, தக்காளிச் சட்னி, நடுவில் இரண்டு காபி. ஆப் கூட்டியது 1,280.

இணைத்தால் என்ன ஆகும் என்று முன்னோட்டம் பார்த்தேன். 1,300 என்ற வரம்பு 1,850 ஆகிறது. 550 வித்தியாசம்! எங்கள் ஆபீஸில் இவ்வளவு வித்தியாசத்தோடு யாரையும் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். எந்த எண்ணை நம்புவது?


ஓஎம்ஆர் நைட்ஷிஃப்ட்:

இணைத்துவிடுங்கள் அக்கா, யோசிக்கவே வேண்டாம். காசா பணமா? நடந்தது உடனே ஆப்பில் ஏறுவதைப் பார்த்தாலே இன்னும் நாலு சுற்று நடக்கத் தோன்றும். நான் சோழிங்கநல்லூரில் லிஃப்ட்டை விட்டுப் படியில் ஏறுவதே அதற்காகத்தான்.

ஒரே தொல்லை, நடு ராத்திரி 12 மணிக்கு எல்லாம் பூஜ்யமாகிவிடும். எனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.


அம்பத்தூர் அளவுகோல்:

வசந்தி அம்மா, நீங்கள் எண்களோடு வந்திருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. பெரும்பாலும் 'எது நல்ல வாட்ச்' என்று ஒற்றை வரியில்தான் கேட்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் காலிபரேஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு எது வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி: இது எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது? உங்கள் கையில் இருப்பதையும் அப்படியே பாருங்கள்.

வாட்சுக்குள் இருக்கும் முக்கியமான சென்சார்கள் இரண்டு. ஒன்று, மணிக்கட்டின் அசைவை உணர்வது. இன்னொன்று, பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்து, ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. முதலாவதிலிருந்து அடிகள், இரண்டாவதிலிருந்து நாடித் துடிப்பு. அவ்வளவுதான். கலோரியை அளக்க அதில் ஒன்றுமே கிடையாது. உங்கள் வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதோடு துடிப்பையும் அசைவையும் சேர்த்துக் கம்பெனி தன் சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணைத் தருகிறது. ஒருவர் செலவழிக்கும் கலோரியை முறையாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முகமூடி மாட்டி, இழுக்கிற ஆக்சிஜனையும் விடுகிற கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும்.

அந்த முறையோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு கருவிகள், 60 பேர். நாடித் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். அப்போதிருந்த மாடல்கள் பல இன்று கடையிலேயே இல்லை, சூத்திரங்களும் மாறியிருக்கின்றன. ஆனால் துடிப்பிலிருந்து கலோரியை ஊகிக்கிற வழி மாறவில்லை.

அந்த வழியில் நம் ஊருக்கென்று தனியாக ஒரு கோளாறு உண்டு. வெயிலும் புழுக்கமும் ஏறினால் உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது, துடிப்பு ஏறுகிறது. அந்த அளவுக்கு எரிபொருள் செலவாவதில்லை. ஆனால் வாட்ச், துடிப்பு ஏறிவிட்டது, கடுமையான வேலை என்று எடுத்துக்கொள்ளும். அதே பூங்காவில் அதே வேகத்தில் மார்கழியில் நடந்து பாருங்கள், கத்திரி வெயிலில் நடந்து பாருங்கள், இரண்டு எண் வரும். ஸ்ட்ராங் காபி குடித்தாலும், மேனேஜரோடு வாக்குவாதம் வந்தாலும் இதே கதைதான். எனக்கு இது தலைகீழ். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன், துடிப்பு ஏறவே ஏறாது. அண்ணா நகர் டவர் பூங்காவை நாக்குத் தள்ளச் சுற்றி வந்தாலும் என் வாட்ச் 'லேசான நடமாட்டம்' என்று போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

இனி உங்கள் எண்கள். மிதமான வேக நடைக்கு ஏறக்குறைய 3.5 மெட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி. 3.5 ஐ 68 ஆல் பெருக்கி முக்கால் மணி நேரத்துக்குப் பார்த்தால் 178. இதில் நீங்கள் நடக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியது 51. ஆக நடந்ததால் கூடுதலாகப் போனது 127 அளவில்தான். வாட்ச் சொன்னது 260.

அப்புறம் அந்த 1,300 எங்கிருந்து வந்தது? 1990ல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியார் சூத்திரத்தைத்தான் பல ஆப்கள் பயன்படுத்துகின்றன. எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்பதால் 161 ஐயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு 1,290 வருகிறது, படுத்தே கிடந்தால் ஆகிற செலவு. உட்கார்ந்த வேலை என்று சொன்னதால் 1.2 ஆல் பெருக்கினால் 1,550. வாரம் கால் கிலோ குறைய நாளுக்கு 250 கழித்தால் 1,300. உங்கள் ஆப்பும் இதே வழியில்தான் வந்திருக்கிறது.

இங்கேதான் உங்கள் ஆபீஸின் இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. அந்த 1,550க்குள் காலை நடை இல்லை. ஆகவே நடந்ததற்கு ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும். இணைத்தால் ஆப் செய்வது நேர்மையான கழித்தல்: வாட்சின் 2,100லிருந்து தன் 1,550ஐக் கழித்து, மீதி 550ஐ உங்கள் பேரில் வரவு வைக்கிறது. கழித்தலில் தப்பே இல்லை, அந்த 2,100தான் ஆட்டம் காண்கிறது. 1,550, நடைக்கு 127, ரயில்வே படிக்கட்டு, வீட்டு வேலைக்குக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாலும் 1,750ஐத் தாண்ட எனக்குக் காரணம் தெரியவில்லை. நீங்கள் ஆப்பை நம்பி 1,850 சாப்பிட்டால் எடை குறைய வழியே இல்லை, மெதுவாக ஏறும். உங்களுக்கு ஒன்றும் புரியாது, எல்லாம் பச்சை நிறத்தில்தான் காட்டும்.

இணைக்கும்போது கவனிக்க இன்னும் இரண்டு விஷயம். போனும் அடிகளை எண்ணும், வாட்சும் எண்ணும், நடைக்கென்று வேறொரு ஆப் இருந்தால் அதுவும் அனுப்பும். அடிகளுக்கு மூலம் எது என்று அமைப்பில் ஒன்றை மட்டும் வைக்க வேண்டும். நடையைக் கையாலும் எழுதிவிடக் கூடாது. ஒரே ரசீதை இரண்டு லெட்ஜரில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, மைஃபிட்னஸ்பால் மாதிரி ஆப்களில் எதிர்மறைத் திருத்தத்தை அனுமதிக்க ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்காவிட்டால் நடந்த நாளில் வரவு வைக்கும், ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் பற்று எழுதாது. இணைப்பவர்கள் அதை முதலில் இயக்க வேண்டும்.

என் யோசனை இது. அடிகளையும் எடையையும் மட்டும் இணையுங்கள். கலோரியை இணைக்காதீர்கள். வரம்பை 1,300லிருந்து 1,450 ஆக்கி, நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே எண்ணில் நான்கு வாரம் இருங்கள். தினம் காலையில் காபிக்கு முன் எடை பாருங்கள், ஆனால் தினசரி எண்ணைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கொஞ்சம் தூக்கலாகச் சாப்பிட்டாலே தண்ணீர் நின்று ஒரு கிலோ ஏறும். வாரச் சராசரியை மட்டும் எடுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கு. நாளுக்கு 250 வீதம் நான்கு வாரத்தில் 7,000, அதாவது சுமார் 900 கிராம் குறைய வேண்டும். 400 கிராம்தான் குறைந்தது என்றால் நாளுக்கு 130, 140 கலோரி எங்கோ இடிக்கிறது. வாட்ச் கூட்டிச் சொன்னதா, சாப்பாடு குறைத்து எழுதப்பட்டதா என்று ஆராய வேண்டாம். வரம்பில் அவ்வளவைக் கழித்துவிட்டு மேலே போகலாம். தராசு ஒன்றுதான் இதில் நேரடியாக அளக்கிற கருவி. அதையும் ஒரு தடவை பிரிக்காத அரிசிப் பையை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் தம்பிக்கு: இன்னும் நாலு சுற்று நடக்கத் தோன்றும் என்பது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் 2016ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வையும் தெரிந்துகொள்ளுங்கள். 471 பேர், எல்லோரும் 18லிருந்து 35 வயதுக்குள், இரண்டு ஆண்டு. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து ஒரு பாதிக்கு உடலில் அணியும் கருவி கொடுத்தார்கள், மறு பாதி வழக்கம்போல் தாங்களே குறித்துக்கொண்டார்கள். முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ. வாட்சால் எடை குறையாது என்று இதற்கு அர்த்தமில்லை. வாட்ச் இருக்கிறது என்பதற்காகத் தானாகக் குறைந்துவிடாது என்றுதான் அர்த்தம்.


மாம்பலம் சமையல்கட்டு:

சார் வாட்சைப் பிரித்து மேய்ந்துவிட்டார். நான் தட்டுப் பக்கம் வருகிறேன். வசந்தி, உங்கள் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். எண்ணெய் என்ற வார்த்தையே அதில் இல்லையே!

கூட்டுக்குத் தாளிக்கவில்லையா? தோசையைச் சுற்றி எண்ணெய் விடவில்லையா? ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றால் 40 கலோரிக்கு மேல். ஆப்பில் 'தோசை' என்று தட்டினால் வருவது யார் வீட்டுத் தோசை என்று யாருக்குத் தெரியும்? பேப்பர் மாதிரி வார்க்கிற வீடும் இருக்கிறது, நடுவில் விரல் தடிமனுக்கு நிற்கிற வீடும் இருக்கிறது.

எண்ணெயைத் தினம் அளக்க முடியாது, அடுப்படியில் நின்று சமைப்பவர்களுக்குத் தெரியும். நான் செய்வது இதுதான். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலைத் திறக்கிற அன்று அதன் மேலேயே மார்க்கரில் தேதி எழுதிவிடுவேன். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக ஏறக்குறைய 8,200. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு இருபது நாள் வரும். வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு நூறு கலோரிக்குக் கொஞ்சம் மேல். தினம் காலையில் 'எண்ணெய் 100' என்று ஒரு வரி போட்டுவிட்டு, கூட்டு பொரியலுக்கெல்லாம் எண்ணெய் சேராத என்ட்ரியாகத் தேர்ந்தெடுப்பேன். நெய்க்கும் இதே மாதிரி தனியாக ஒரு வரி. வெண்பொங்கல் செய்கிற வாரத்தில் அந்த வரி எகிறும், அது வேறு விஷயம்.

அரிசியில் இன்னும் பெரிய பள்ளம். பச்சையாக 100 கிராம் அரிசி என்றால் 350 கலோரி பக்கம். வெந்த சாதம் 100 கிராம் 130தான். ஆப்பில் இரண்டு என்ட்ரியும் 'ரைஸ்' என்றே இருக்கும். தட்டில் இருப்பதை எடை போட்டுவிட்டு அரிசி என்ட்ரியைத் தட்டினால் மூன்று மடங்கு கூடும். குக்கரில் வைத்த அரிசியை எழுதிவிட்டுச் சாத என்ட்ரியைத் தட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். 'கப்' என்று எழுதாதீர்கள், ஒரு வாரம் மட்டும் தட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். அப்புறம் கண்ணே சொல்லிவிடும்.

பாலும் அப்படித்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3. நூறு மில்லிக்கு முன்னது 87, பின்னது 60 பக்கம். இரண்டு காபியில் வித்தியாசம் தெரியும், சர்க்கரையைத் தவிர.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் இந்திய உணவுப் பொருள்களுக்கான சத்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அரிசி, பருப்பு, காய் என்று பொருள் பொருளாக இருக்கும். உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பருப்பு இவ்வளவு, முருங்கைக்காய் இவ்வளவு என்று ஒரு தடவை ஆப்பில் ரெசிபியாகப் போட்டு வைத்துக்கொண்டால் யாரோ ஏற்றிய 'சாம்பார் 1 பௌல்' தேவையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். உங்களுக்குச் சர்க்கரைதான் கவலை என்றால் 45 நிமிடத்தையும் காலையிலேயே தீர்த்துவிடாதீர்கள். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். கலோரிக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை, வாட்ச் மதிக்காது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆப் சொல்கிறதே என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்துபோகும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.


திருவான்மியூர் டெவலப்பர்:

இணைப்பதா என்பதில் கலோரியைத் தவிர இன்னொரு பக்கமும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டில் இப்போது இது பெரும்பாலும் ஹெல்த் கனெக்ட் என்ற, ஆப்களுக்கு இடையே உடல்நலத் தகவலைப் பகிரும் வசதி வழியாகத்தான் நடக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் அது போனோடு சேர்ந்தே வருகிறது. ஐபோனில் ஆப்பிள் ஹெல்த். இரண்டிலுமே ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. 'எல்லாவற்றையும் அனுமதி' என்ற பொத்தான் மேலே பெரிதாக இருப்பதால் எல்லோரும் அதைத் தட்டிவிடுகிறார்கள். அடிகள், எடை இரண்டை மட்டும் இயக்கிவிட்டு, செலவழித்த கலோரியை அணைத்து வைக்கலாம். அம்பத்தூர் சார் சொன்னதைச் செய்ய வழி இதுதான். தூக்கம், மாதவிடாய், இருப்பிடம் மூன்றும் ஒரு சாப்பாட்டு ஆப்புக்கு எதற்கு? அணைத்துவிடுங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2018ல் மைஃபிட்னஸ்பாலில் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல், மறைகுறியாக்கிய பாஸ்வேர்டு வெளியே போயின. அதே ஆண்டு, ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் ராணுவ முகாம்களையே காட்டிக் கொடுத்தன. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல்தான் வந்தது. பேங்குக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே போடாதீர்கள். நடைப் பாதையை எல்லோரும் பார்க்கும்படி விடாதீர்கள், அது தினமும் உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.


பழவந்தாங்கல் வசந்தி:

எல்லோருக்கும் நன்றி. அம்பத்தூர் சார், 178, 51, 127 மூன்றையும் நானும் போட்டுப் பார்த்தேன், டாலி ஆகிறது. மாம்பலம் அக்கா, எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதியாகிவிட்டது. மாமியார், "பாட்டிலுக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார்.

திருவான்மியூர் தம்பி சொன்னபடி அனுமதிகளைப் பார்த்தேன். நான் எதையும் தட்டாமலே போனின் அடி எண்ணிக்கை ஆப்பில் ஓடிக்கொண்டிருந்தது, ஆப் போட்டபோதே இயங்கியிருக்கும் போல. அதை அணைத்துவிட்டு வாட்சின் அடிகளையும் எடையையும் மட்டும் விட்டிருக்கிறேன். வரம்பு 1,450.

சாருக்கு இரண்டு சந்தேகம். அடிகளையாவது நம்பலாமா? ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரும்போதும் ஏறுகிறது என்று நினைக்கிறேன். நேற்று தேங்காய் துருவி முடித்துப் பார்த்தால் ஹாலுக்கு நாலு தடவை போய்வந்த கணக்குக் காட்டுகிறது. அப்புறம் மாதத்தில் சில நாள் எனக்கு எடை தானாகவே ஏறி இறங்கும், நான்கு வாரச் சராசரியில் அது குழப்பாதா?


அம்பத்தூர் அளவுகோல்:

ரயில் சோதனை சுலபம். பழவந்தாங்கலில் ஏறியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நுங்கம்பாக்கத்தில் இறங்குவதற்கு முன் மறுபடி பாருங்கள். உட்கார்ந்து ஒரு நாள், நின்று ஒரு நாள். ஐம்பது, நூறு என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் வாட்சைக் கம்பி பிடிக்காத கைக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குக் குண்டும் குழியுமான தெருவில் இதைவிட அதிகம் ஏறும். தலைகீழாகவும் நடக்கும்: சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை அசையாது, அடிகள் விட்டுப்போகும். ஆனால் தினம் அதே ரயில், அதே தேங்காய் என்றால் பிழையும் தினம் அதேதான். போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிட அந்த எண் தாராளமாகப் போதும்.

பத்தாயிரம் அடி என்பதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1965ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து புறப்பட்ட எண் அது. உங்கள் 9,400 பிரமாதம்.

எடைக் கேள்விக்கு எங்கள் வீட்டில் கேட்டுத்தான் சொல்கிறேன். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நின்று எடை ஏறும். அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு இரண்டு மாத எண்கள் தேவைப்படும். டாக்டர் மூன்று மாதம் கொடுத்திருக்கிறாரே, நேரம் இருக்கிறது.


ஓஎம்ஆர் நைட்ஷிஃப்ட்:

சார், பிட்ஸ்பர்க் கணக்கைப் படித்துவிட்டு எனக்கும் எதிர்மறைத் திருத்தத்தை இயக்கினேன். லீவு நாளில் 300 கழித்துவிட்டது, மனசே உடைந்துபோயிற்று. போகட்டும். என் 12 மணிப் பிரச்சினைக்கு யாரும் வழி சொல்லவில்லையே. ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிடுகிற கொத்துப் பரோட்டாவை எந்த நாளில் எழுதுவது?


மாம்பலம் சமையல்கட்டு:

தம்பி, தூங்கி எழுந்ததிலிருந்து மறுபடி தூங்கப் போகிற வரைக்கும் ஒரே நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் முந்தின தேதிக்குப் போய் எழுத முடியும். கலோரியை இணைத்தே ஆக வேண்டும் என்றால்தான் சங்கடம், வாட்ச் 12 மணிக்குத்தான் வெட்டும். இணைக்காதவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

கொத்துப் பரோட்டாவுக்கு ஆப்பில் பத்து என்ட்ரி இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு எண் சொல்லும். கல்லில் அவர் எண்ணெய் ஊற்றுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தட்டுங்கள். சால்னாவைத் தனியாக எழுத மறக்காதீர்கள்.